எங்கள் ஊர் உயிர்களுக்கு ஒரு நிலப்படம்

தென்காசி மாவட்டப் புளியரையில் செக்போஸ்ட் தாண்டிக் கணவாய் ஏறினால் ஆரியங்காவு, கேரளம். நான் முப்பது வருஷம் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பஞ்சாயத்துக்குள் எந்த உயிர் எங்கே ஒதுங்குகிறது என்று பதிந்து வருகிறேன்.

முதல் வருஷம் ஒரு தப்பு செய்தேன். பார்த்ததையெல்லாம் ஒரே நோட்டில் வரிசையாக எழுதிவிட்டேன். கோடையில் குளக்கரைச் சீமைக்கருவேலத்தை அள்ள வந்த பொக்லைன், பக்கத்துத் தாழம்புதரையும் சேர்த்து வாரியது. "அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊரின் பட்டியல்தான் இருந்ததே தவிர அந்த மூலையின் பட்டியல் இல்லை.

அதனால் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். விஏஓவிடம் கிராம வரைபடத்தையும், சர்வே எண்வாரியாக நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் பாருங்கள். குளம், ஓடை, பாறை, தரிசு என்று போட்டிருக்கும் சர்வே எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டுக்குக் குளம் ஒரே எண். உயிர்களுக்கு அது நாலைந்து இடம்: பாம்புத்தாராப் பறவைக்கு ஆழத் தண்ணீர், உள்ளான் பறவைக்கு உள்வாய்ச் சேறு, உடும்புக்குக் கரைச் சரிவில் இருக்கும் புற்று. மடையையும் மறுகால் ஓடையையும் தனியாகப் பிரித்து வண்ணம் தீட்டுங்கள். பொத்தையை, அதாவது சிறு பாறைக் குன்றை, வெறும் பாறை என்று விட்டுவிடாதீர்கள்.

தனி மரமும் ஒரு இடம்தான். ஒரு பனையேறி சொல்லித்தான் எனக்கே தெரியும்: "அண்ணாச்சி, காவோலையைக் கழிச்சிட்டா உழவாரன் எங்க போகும்? ஓலைக்கு அடியில எச்சி வச்சு ஒட்டித்தான கூடு கட்டுது." பனை உழவாரன் என்ற சிறு பறவை அப்படித்தான், இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஓலையில் ஒட்டிவிடும். இப்போது காவோலை தொங்கும் பனைகளைத் தனியாக எண்ணுகிறேன்.

வருஷத்துக்கு இரண்டு சுற்று போதும். ஒன்று ஆடிச் சாரலில். இன்னொன்று தை மாதம். குளம் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். விடிந்ததும் போய் ஓரிடத்தில் 15 நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். நோட்டில் நாள்-நேரம், சர்வே எண், கண்டது, அது செய்தது என்று நாலு கட்டம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். தலைக்கு மேல் பறந்துபோன கொக்கும் கூடு கட்டிய கொக்கும் ஒன்றா? ஒன்றுமே தென்படாத நாளையும் எழுதுங்கள். இதை மட்டும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரி உயிர்களுக்குத் தடம்தான் சாட்சி. விதை விதையாகக் கிடக்கும் எச்சம் மரநாயுடையது. தென்னந்தோப்புக்கு யானை வந்துபோனதைச் சொல்லவே வேண்டாம், தோப்புக்காரரே அழைத்துக் காட்டுவார். காட்டு எல்லைக் கல்லோடு நின்றுவிடுங்கள். அதற்கு அப்பால் வனத்துறை அனுமதி வேண்டும்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் வேலை. உங்கள் படத்தின் நகலை அங்கே கொடுங்கள். எறும்புத்தின்னி வளை தோண்டிய இடத்தை மட்டும் பொதுப்படத்தில் போடாதீர்கள், செதிலுக்காகப் பிடிக்கிறவர்களுக்கு நாமே வழிகாட்டியது போலாகிவிடும். குளத்து விஷயத்தை ஜனவரி 26 கிராம சபையிலேயே பேசிவிடுங்கள். மே 1 வரை காத்திருந்தால் பொக்லைன் அதற்குள் குளத்தில் இறங்கியிருக்கும்.