வெயில் ஊர்க்காரருக்கு மைனஸ் டிகிரி ஸ்லீப்பிங் பேக் வேண்டாம்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் போதும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து புதிதாக முகாமுக்குக் கிளம்பும் பிள்ளைகள், உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் படத்தை அனுப்பி, "இது எடுக்கலாமுங்ளாண்ணா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் தலை வரை மூடும், புசுபுசுவென்று தடித்த, மைனஸ் எண் (எத்தனை டிகிரிக் குளிர் வரை தாங்கும் என்ற கணக்கு) போட்ட பேக்தான். எங்கள் செட்டும் ஆரம்பத்தில் இதைத்தான் வாங்கியது. பேக்கை மழையில் நனையவிடுவது, டார்ச்சை மறப்பது போன்றவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். பட்டும் புரியாத தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண் குறையக் குறைய நல்ல பேக் என்று நினைப்பது

இதைப் பார்க்கும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது. காசும் போகிறது, தூக்கமும் போகிறது, தவறு எதுவென்றும் தெரியாமல் போகிறது.

போன ஜனவரியில் வால்பாறைப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் தங்கியிருந்தோம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் திருப்பூர்த் தம்பி ஒருவர் மைனஸ் 5 பேக்கில் நுழைந்து, தாடைவரை ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்தார். நடுச்சாமத்தில் புழுங்கிப்போய் ஜிப்பைத் திறந்தார். விடியற்காலை நாலு மணிக்குக் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். காலையில் சொன்னார்: "குளுரு தாங்கலைங்ணா. அடுத்தது மைனஸ் பத்து எடுத்தரோணும்."

அவர் பேக்குக்குள் கைவிட்டுப் பார்த்தேன். முதுகுப் பக்கத் துணி நசநசவென்று ஈரம். பனியன் கழுத்துப்பட்டையைப் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. அத்தனையும் அவருடைய வேர்வை. முன்னிரவில் உடம்பு தேவைக்கு மேல் சூடாகி வேர்த்திருக்கிறது. ஜிப்பைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டு அந்த ஈரம் ஆவியாகத் தொடங்கி, உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. விடியற்காலையில் வெளியேயும் குளிர் இறங்கும் நேரம். ஆக, தடித்த பேக் தந்த நடுக்கத்துக்கு மருந்தாக இன்னும் தடித்த பேக் வாங்கப் பார்க்கிறார். இப்படி இரண்டாவது பேக்கும் வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

"வெள்ளியங்கிரி ஏழாவது மலையில நடுங்கிட்டேனுங்ணா, அதனாலதான் மைனஸ் பாக்கறேன்" என்பார்கள் சிலர். ராத்திரி முழுக்க ஏறி வேர்த்துக் கொட்டிய சட்டை. சிலர் ஆண்டி சுனையில் முங்கி எழுந்த ஈரம் வேறு. அதோடு மலை உச்சிக் காற்றில் நின்றால் யாருக்கும் நடுங்கும். அங்கே வேண்டியது காய்ந்த மாற்றுச் சட்டையும் காற்றை மறிக்கும் மேலுடுப்பும்தான்.

வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், வால்பாறை 1,100, ஏற்காடு 1,500. கோவையில் ராத்திரி 19 டிகிரி என்றால் வால்பாறையில் 14, 15. ஏற்காட்டில் 12 என்று வைத்துக்கொள்ளலாம். மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும் என்பதால், ஓடையோரம் கூடாரம் போட்டால் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் மைனஸுக்கு இங்கே வேலையே இல்லை. புல்லில் உறைபனி படியும் ஊட்டி ஜனவரியைத் தனிக் கணக்காக வையுங்கள். அதற்கு மட்டும் தடித்த பேக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சமவெளியில் தோட்டத்துச் சாளையில் படுக்க ஸ்லீப்பிங் பேக்கே தேவையில்லை, ஒரு போர்வை போதும்.

பெரிய எழுத்தில் உள்ள எண்ணை மட்டும் படிப்பது

ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறையில் சோதித்த பேக்கில் முக்கியமாக மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பினால் போதும் என்கிற நிலைக்கானது. அதை வைத்து ஒருநாளும் வாங்கக் கூடாது. சில கடைகளில் முன்னால் பெரிதாகப் போட்டிருப்பது இந்தக் கடைசி எண்தான். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் புரட்டி, கம்ஃபர்ட் எண் 10 டிகிரியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஊட்டி ஜனவரி தவிர நம் மலைகளுக்கு அது போதும்.

மழைக்காலத்துக்கு வாத்து இறகு அடைத்த பேக்

வேண்டாம். ஈரம் ஏறினால் இறகு அமுங்கிவிடும், சூடு தராது. செயற்கைப் பஞ்சே எடுங்கள்.

ஜிப்பைப் பார்க்காமல் வாங்குவது

வெயில் ஊருக்கு ஜிப்தான் ஜன்னல். மேலிருந்தும் கீழிருந்தும் திறக்க வேண்டும். புழுங்கும்போது பாதத்தை மட்டும் வெளியே நீட்டினாலே பாதிச் சூடு இறங்கியதுபோல் இருக்கும். முழுக்கத் திறந்தால் போர்வையாக விரியும் செவ்வக வடிவமே நமக்குச் சரி. கடையிலேயே உள்ளே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பை இழுத்துப் பாருங்கள். ஓரத்துணி பல்லில் சிக்கினால் அந்தப் பேக்கை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வெறுந்தரையில் விரிப்பது

நம் எடையில் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. பவானி ஜமுக்காளம் உட்கார்ந்து பேச அருமையானது, ஆனால் தரைக் குளிரையும் ஈரத்தையும் அதனால் மட்டும் தடுக்க முடியாது. அடியில் ஒரு ஃபோம் மேட் கட்டாயம் வேண்டும்.

லைனர் இல்லாமல் படுப்பது

லைனர் என்பது பேக்குக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய துணி உள்ளுறை. வேர்த்த உடம்பில் நைலான் துணி ஒட்டினால் தூக்கம் வராது. சென்னிமலைப் பருத்திப் பெட்ஷீட் ஒன்றை நீளவாக்கில் மடித்து, அடியையும் பக்கத்தில் முக்கால்வாசியையும் மூடித் தைத்துத் தரச்சொல்லுங்கள். தையல்காரர் உடனே முடித்துக்கொடுப்பார். வேர்வையை அது வாங்கிக்கொள்ளும், துவைப்பதும் சுலபம். மலையடிவார மேட்டுப்பாளையத்தைத் தாண்டாத பயணங்களில் கொசுவலைக் கூடாரத்துக்குள் இந்த லைனரே போதும், பேக் உறையைவிட்டு வெளியே வராது.

சுருட்டியபடியே பரணில் போடுவது

மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் பஞ்சு மறுபடி முழுதாக எழும்பாது. நிழலில் கொடியில் காயப்போட்டு, பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள்.