பனிக்காலத்தில் முகத்தோலைப் புண்ணாக்காமல் தேய்ப்பது எப்படி?

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, நானுஓயாப் பக்கம் காலையில் முகத்தைத் துடைத்தால் மூக்கோரமும் வாயோரமும் வெள்ளைச் செதிலாக எழும்பும். உடனே பலர் கையில் எடுப்பது சீனியும் தேசிக்காயும். கொஞ்சம் பொறுங்கள். தானாக உதிரவேண்டிய தோல் ஈரம் போதாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான் அந்தச் செதில் வருகிறது. அதனால் ஒரு வாரத்துக்கு எதையும் தேய்க்காமல், காலையும் இரவும் முகம் கழுவிய ஈரம் காயுமுன் மொய்சரைசர் பூசிப் பாருங்கள். செதில் அடங்கிவிட்டால் தேய்க்கும் வேலையே இல்லை.

அப்படியும் முகம் சொரசொரவென்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

<b>எதால் தேய்ப்பது</b>

சீனி, உப்பு, கோப்பித்தூள் எல்லாவற்றுக்கும் கூரான விளிம்பு உண்டு. முகத்தோலின் மேலடுக்கோ ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். தேசிக்காய்ச் சாறு இன்னும் மோசம். தோலின் பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5, சாற்றினுடையது 2 அளவில். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பாகிவிடும். அப்பச்சோடா அதற்கு நேர்மாறான காரம், அதுவும் வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவருக்குத் துவைத்துத் துவைத்து மென்மையாகிப்போன பருத்தித் துணியே போதும். பாமசியில் வாங்குவதென்றால், தேய்க்காமலே பழைய தோலைக் கழலவைக்கும் 5 சதவீத லாக்டிக் அசிட் லோஷன். எண்ணெய் வழிந்து கரும்புள்ளி வரும் முகத்துக்கு 0.5 முதல் 2 சதவீத சாலிசிலிக் அசிட் பொருந்தும். அஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதைத் தொடக்கூடாது. துணி, அசிட் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

<b>செய்யும் முறை</b>

அசிட் என்றால் முதலில் காதுக்குப் பின்னால் சிறிது பூசி 48 மணித்தியாலம் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

1. இரவில் செய்யுங்கள். குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க முகம் கழுவும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. அந்தச் சுடுநீர் தோலின் எண்ணெயைக் கழற்றிவிடும். கழுவும் தண்ணீர் மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கவேண்டும்.

2. மென்மையான பேஸ்வொஷ் போட்டுக் கழுவுங்கள். சட்டை துவைக்கும் சவர்க்காரம் முகத்துக்கு ஆகாது.

3. ஈரத்துணியை விரலில் சுற்றி நெற்றி, மூக்கு, கன்னம், நாடி என்று சிறு வட்டமாக மொத்தம் 30 செக்கன். தூசி துடைக்கும் அழுத்தம் போதும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம். அசிட் என்றால் முகத்தை ஒற்றிக் காயவைத்துப் பட்டாணி அளவு பூசுங்கள்.

4. துணியால் தேய்த்தவர்கள் உடனேயும், அசிட் பூசியவர்கள் அது காய்ந்த பின்னும் மொய்சரைசர் பூசுங்கள்.

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை மட்டும். தோல் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் முற்றாத தோல்தான் வெளியே வரும். சீழ் வைத்த பரு, வெயிலில் வெந்த தோல், வெட்டுக்காயம், புருவம் திரெட் பண்ணிய இடம் ஆறும்வரை விலக்கி வையுங்கள். ரெட்டினோல் (விட்டமின் ஏ வகைப் பூச்சு) பூசும் இரவிலும் வேண்டாம். லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் பாவிப்பவர்கள் தேய்ப்பதையே தவிர்த்து, முதலில் தோல் வைத்தியரைப் பாருங்கள். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

<b>மறுநாள் வெயில்</b>

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்; மெல்லிய முகில் மூடியிருந்தாலும் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது, அவ்வளவுதான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசி, வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். அசிட்டை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் இது தேவை. மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நெற்றிவரை மறைக்கும் தொப்பியும் போடுங்கள். நம் நிறத் தோலில் சிறு எரிச்சல்கூட மங்குபோலக் கறுத்துத் தங்கும்.

<b>கூடிப்போனால்</b>

வெறும் தண்ணீர் பட்டாலே எரிவது, மெழுகு பூசியதுபோல் பளபளத்து இழுப்பது, பொடிப்பொடியாகச் சிவந்து எழும்புவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அசிட், ஸ்க்ரப், வாசனைக் கிறீம் எல்லாவற்றையும் நிறுத்தி, நான்கு வாரம்வரை மென்மையாகக் கழுவி வாசலின் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். நீர் கசிந்தாலோ வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறிய பிறகு மறுபடி தொடங்கினால் துணியோடு, பத்து நாளுக்கு ஒருமுறை.