எலியின் காலில் சிக்குன்குனியாவைப் படிப்பது எப்படி

சிக்குன்குனியா வைரஸ் ஒரு வாரத்துக்குள் ரத்தத்திலிருந்து அகன்றுவிடும். மூட்டுவலியோ பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மூட்டைக் கெடுப்பது வைரஸா, நம் எதிர்ப்பாற்றலா? இதை அறியத்தான் எலியைத் தொடுகிறோம். ஆகவே, கேள்வியை எழுதி முடித்த பிறகே எலியைத் தேர்ந்தெடுங்கள்.

வைரஸ் நுழைந்ததும் செல்களை எச்சரிக்கும் புரதம் இன்டர்ஃபெரான். அந்த எச்சரிக்கையைப் பெறும் ஏற்பி இல்லாத எலிகள் தொற்றிய சில நாட்களிலேயே இறந்துவிடும். தடுப்பூசி உயிரைக் காக்கிறதா என்று பார்க்க அவை ஏற்றவை. மூட்டு நோய்க்கு உதவாது. அதற்கு 'பிளாக் 6' என்ற இயல்பான ஆய்வக எலி ரகமே போதும். பாதத்தில் தோலுக்கடியில் வைரஸைச் செலுத்தினால் 2, 3ஆம் நாளில் சிறிய வீக்கம் வரும். 6, 7ஆம் நாளில் பெரிய வீக்கம்.

அந்த இரண்டாவது வீக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. ராக்1 மரபணு நீக்கப்பட்டதால் டி, பி என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் இல்லாத எலிகளில் வைரஸ் நெடுநாள் தங்கும், ஆனால் பெரிய வீக்கம் வராது. டி செல்களில் சிடி4 என்ற வகையை மட்டும் நீக்கினாலும் வீக்கம் வெகுவாகத் தணியும். எனவே வைரஸ் அளவையும் வீக்கத்தையும் தனித்தனியே அளந்து, இரு கோடுகளாக வரையுங்கள். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கவே கூடாது.

பாதத்தின் அகலத்தையும் உயரத்தையும் காலிப்பர் என்ற அளவுகருவியால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்கட்டும். எந்த எலி எந்தக் குழு என்பது அவருக்குத் தெரியக் கூடாது. நம் கை நாம் விரும்பும் விடையின் பக்கமே சாயும். மரபணு நீக்கிய எலியை அந்த மரபணு உள்ள அதன் உடன்பிறப்போடுதான் ஒப்பிட வேண்டும். வெவ்வேறு கூண்டுகளில் வளர்ந்தவற்றின் குடல் நுண்ணுயிர்களே முடிவை மாற்றிவிடலாம்.

திசு எடுக்கும் முன் உப்புநீர் செலுத்தி ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுங்கள். இல்லையேல் ரத்தத்து வைரஸை மூட்டு வைரஸாக எண்ணிவிடுவீர்கள். எலும்பிலுள்ள சுண்ணாம்பை இடிடிஏ என்ற, சுண்ணாம்பைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருளின் கரைசலில் நிதானமாக நீக்குங்கள். கடும் அமிலம் விரைவாக வேலை செய்யும், ஆனால் குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் ஆன்டிபாடிச் சாயம் சரியாகப் பிடிக்காது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகமும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. எவ்வளவு எடை குறைந்தால் எலியின் வேதனையை முடித்துவைப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வலி நிவாரணிகள் வீக்கத்தையும் குறைக்கும் என்பதால், எதைத் தருவது என்று கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே பேசுங்கள்.

எலியின் வீக்கம் இரண்டு வாரங்களில் வடிந்துவிடும். மாதக்கணக்கான மனித வலியை அந்த வீக்கத்தை மட்டும் வைத்து விளக்க முயலாதீர்கள். அதற்கு நோயாளிகளின் மூட்டு மாதிரிகளும் வேண்டும்.