வேலைத் தளங்களையும் சோஷியல் மீடியா கம்பெனிகளையும் எடைபோடுவது எப்படி?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள் நான். இப்போது ஓய்வு. சேமிப்பில் ஒரு பகுதியை ஷேரில் போடுகிறேன். இணைய கம்பெனி என்றாலே "எத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். பணம் கட்டுவது யார், அடுத்த வருடமும் கட்டுவாரா? முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை தேடுபவரையும் ஆள் தேடும் கம்பெனியையும் சேர்த்துவைக்கும் இணையத் தளத்தைத்தான் வேலைத் தளம் என்கிறேன். அதில் பணம் கட்டுவது பெரும்பாலும் ஆள் தேடும் கம்பெனிகள்தான். நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் ரெஸ்டெக்ஸ் என்று ஒரு ரெஸ்யூம் டேட்டாபேஸ் உண்டு. அதற்கான சந்தாவை முன்கூட்டியே கட்டிவிடுவார்கள். ஆனால் கணக்கில் அந்தத் தொகை சந்தா காலம் முழுக்கப் பிரித்துத்தான் வருமானமாக ஏறும். அதனால் காலாண்டு முடிவு வந்ததும், வருமானத்துக்கு முன்னால் 'பில்லிங்', அதாவது அந்தக் காலாண்டில் வாடிக்கையாளருக்குப் பில் போட்ட தொகை, எவ்வளவு என்று பாருங்கள். வியாபாரம் மந்தமானால் முதலில் அடிவாங்குவது பில்லிங். வருமானத்தில் அது தெரியச் சில மாதங்கள் ஆகும். ஆண்டறிக்கையில் முன்பணமாக வாங்கி இன்னும் வருமானமாக ஏறாத தொகை தனியாக இருக்கும். அது வருடா வருடம் கூடுகிறதா என்றும் பாருங்கள்.

ரினியூவல் சமயத்தில் சேல்ஸ்காரரிடம் நானும் பேரம் பேசியிருக்கிறேன். கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான். டிசைன் இன்ஜினீயர் ஒருவர் அவசரமாக வேண்டும் என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்? ரெஸ்யூம் இருக்கும் இடத்துக்குத்தான் கம்பெனி வரும், கம்பெனி வரும் இடத்தில்தான் ரெஸ்யூம் சேரும். இந்தப் பிடி இருக்கும்வரை விலையைத் தளமே தீர்மானிக்கும். போலி வேலை விளம்பரங்களை வளரவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். வேலை இல்லாத பிள்ளைகளிடம் "பதிவுக் கட்டணம்" பறிக்கும் கும்பலை உள்ளே விடுகிற தளத்தில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பணம் போட மாட்டேன்.

நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் 2006-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜொமேட்டோ, பாலிசிபஜார் இரண்டிலும் அது ஆரம்பத்திலேயே முதலீடு செய்தது. ஷேர் விலைக்குள் அவற்றின் மதிப்பும் சேர்ந்தே இருக்கிறது. மொத்த மதிப்பிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ள வேலைத் தள வியாபாரத்துக்கு அதன் லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் போடுங்கள். ஷேர் விலையை ஒரு ஷேருக்கான லாபத்தால் வகுத்து வரும் பி.இ. விகிதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுப்பதையும் கவனிக்க வேண்டும். 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. அப்படிப்பட்ட காலத்தில் வேலைத் தளங்களின் பில்லிங்கும் மந்தமாகும். சுழற்சியால் வரும் சரிவா, தளமே தேய்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். தேய்ந்ததற்கு மான்ஸ்டர் உதாரணம். இணைய வேலைத் தளங்களின் முன்னோடியான அதை 2016-இல் ஆள் அமர்த்தித் தரும் நிறுவனமான ராண்ட்ஸ்டாட் வெறும் 42.9 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் லிங்க்ட்இன்னுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த விலை 2,620 கோடி டாலர். வேலை தேடாதவர்களும் தங்கள் விவரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது லிங்க்ட்இன்னின் பலம். ஆள் எடுப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சோஷியல் மீடியாவில் பணம் தருபவர் விளம்பரதாரர். அவருக்குச் சந்தா கட்டாயம் எதுவும் இல்லை, நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம். அதனால் அங்கே ஒரு பயனாளரிடமிருந்து சராசரியாக என்ன வருமானம் என்று பாருங்கள். 2023-இன் கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாவில் ஒருவரிடமிருந்து 68 டாலருக்கு மேல் கிடைத்தது. நாம் இருக்கும் ஆசிய பசிபிக் பகுதியில் ஆறு டாலர்கூட இல்லை. நம் ஊரில் கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்ற செய்திக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று இதிலேயே தெரியும்.

அப்புறம், அந்த கம்பெனி அடுத்தவர் வாசலை நம்பி நிற்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் பயனாளர் என்ன செய்கிறார் என்று விளம்பரத்துக்காகக் கண்காணிக்க, ஆப்கள் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் 2021-இல் விதி கொண்டுவந்தது. அதனால் 2022-இல் சுமார் 1,000 கோடி டாலர் இழப்பு வரும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவே சொன்னது. தினசரிப் பயனாளர் எண்ணிக்கையும் லேசாகக் குறைந்திருக்க, அந்த பிப்ரவரியில் ஒரே நாளில் ஷேர் 26 சதவீதம் விழுந்தது. கூட்டம் கலைவதும் இங்கே வேகம்தான். 2005-இல் 58 கோடி டாலருக்கு நியூஸ் கார்ப் என்ற ஊடக நிறுவனம் வாங்கிய மைஸ்பேஸ் என்ற சோஷியல் மீடியா தளம், 2011-இல் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது.

இதனால்தான், நல்ல வேலைத் தளத்துக்குக் கொடுக்கும் மடங்கை நான் சோஷியல் மீடியா கம்பெனிக்குக் கொடுப்பதில்லை. வாங்கிய பிறகும் காலாண்டுக்கு ஒருமுறை உட்காருங்கள். வேலைத் தளம் என்றால் பில்லிங்கையும் பணம் கட்டும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும், சோஷியல் மீடியா என்றால் தினசரிப் பயனாளர் எண்ணிக்கையையும் விளம்பர விலையையும் ஒரு நோட்டில் முந்தைய வருடத்தின் அதே காலாண்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஐ.டி. கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகும் வேலைத் தளத்தின் பில்லிங் எழும்பவில்லை என்றால், நான் ஷேரை விற்றுவிடுவேன்.