கொக்கி மாட்டினீர்களா? ஹேங் கிளைடிங் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை உச்சியில் ஏழெட்டு ஹேங் கிளைடர்கள், அதாவது பைலட் கீழே தொங்கியபடி எஞ்சினில்லாமல் பறக்கும் இறக்கைகள், வரிசையாக விரிந்து நிற்கும் காலைப்பொழுதைப் போல மனம் குளிரவைக்கும் காட்சி எனக்கு வேறொன்றும் இல்லை. வாரக்கணக்கில் பார்க்காத நண்பர்கள், நல்ல காற்று, கீழே காத்திருக்கும் பள்ளத்தாக்கு. பேசித் தீராது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் பிறந்தன. தனியாகப் பறப்பது இதற்கு மாற்று ஆகாது. அது இன்னும் ஆபத்தானது. கூட வந்தவர்களின் கண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், வாய்க்குச் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இறக்கையைப் பூட்டும்போது பேச்சுக் கொடுப்பது

பையிலிருந்து எடுத்த குழாய்க் கட்டு ஒன்று பறக்கும் இறக்கையாக மாற அரைமணி நேரம்வரை ஆகலாம். பைலட் பிடித்துப் பறக்கும் முக்கோணச் சட்டத்தின் மூலைகளில் போல்ட், நட், அதன்மேல் பாதுகாப்பு ஊசி. பிறகு இறக்கைக்கு வடிவம் தரும் பேட்டன் குச்சிகளை ஒவ்வொன்றாக இறக்கைத் துணியின் பைகளில் செருகி முனையைக் கட்டுவது. குறுக்குக் குழாயை இழுத்துப் பூட்டுவது. கடைசியில் மூக்குக் கவசம். ஒவ்வொன்றும் சின்ன வேலை. நடுவில் எவராவது "போன வாரம் எவ்வளவு உயரம் போனீர்கள்?" என்று கேட்டால், கை எங்கே நின்றது என்பது மறந்துபோகும்.

எனக்கே நடந்திருக்கிறது. இடப்பக்கம் மூன்றாவது பேட்டனைச் செருகியபோது நண்பர் ஒருவர் வந்து பேசினார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவன் நான்காவதைக் கையில் எடுத்தேன். மூன்றாவதின் முனைக் கயிறு கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்ததை வேறொருவர்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். சரிபார்ப்பு மூக்கில் தொடங்கும், ஒரே திசையில் இறக்கையை முழுதாகச் சுற்றி மறுபடி மூக்கிலேயே முடியும். இடையில் யார் குறுக்கிட்டாலும், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மூக்கிலிருந்தே மீண்டும் தொடங்குவேன். பூட்டிக்கொண்டிருப்பவரிடம் நீங்களும் பேசாதீர்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.

கொக்கியை மாட்டாமல் ஓடுவது

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். பைலட்டையும் இறக்கையையும் இணைப்பது ஒரு தொங்கு பட்டையும் காரபினர் என்னும் பூட்டுக் கொக்கியும் மட்டுமே. அதை மாட்டாமல் ஓடினால், இறக்கை மேலே எழும், மனிதர் முக்கோணச் சட்டத்தை இரு கைகளால் பிடித்துத் தொங்குவார். 2018இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் அருகே பைலட்டோடு இருவராகப் பறக்கப் போன பயணி ஒருவர் இப்படித்தான் கொக்கி மாட்டப்படாமலே மலையிலிருந்து கிளம்பினார். இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகக் கைப்பிடியில் தொங்கியபடியே வந்து, மணிக்கட்டு எலும்பு முறிவோடு தப்பினார். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை.

மறதிக்காரர்களுக்குத்தான் இது நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கதை ஒன்றுதான்: கொக்கி மாட்டியாகிவிட்டது, தொங்கிப் பார்த்தும் ஆகிவிட்டது. அப்போது கையுறை நினைவுக்கு வருகிறது, அல்லது முன்னால் நிற்பவருக்கு இறக்கையைப் பிடித்துவிட வேண்டியிருக்கிறது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போகிறார். திரும்பி வரும்போது மனதில் இருப்பது "சரிபார்த்தாயிற்று" என்ற பழைய நினைவு. அந்த நினைவுதான் ஆளைக் கொல்கிறது.

தொங்கிப் பார்ப்பதைச் சடங்காகச் செய்யாதீர்கள். நண்பர் ஒருவர் மூக்குக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் உடம்பைத் தாங்கும் பட்டைக் கவசமான ஹார்னஸில் முழு எடையையும் போட்டுப் படுக்க வேண்டும். முக்கோணச் சட்டத்தின் அடிக்குழாய்க்கும் மார்புக்கும் உள்ள இடைவெளி வழக்கமான அளவில் இருக்கிறதா? காரபினரின் வாய் பூட்டியிருக்கிறதா? இரண்டாவது பாதுகாப்புப் பட்டையும் அதனுள் வந்திருக்கிறதா? இரண்டு கால் வளையங்களிலும் கால்கள் இருக்கின்றனவா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கால் வளையம் மாட்டாதவர் கொக்கி மாட்டியிருந்தும் ஹார்னஸிலிருந்து நழுவலாம். பாராசூட்டின் கைப்பிடியையும் அப்போதே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் கை தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அதோடு முடியவில்லை. ஓடுவதற்குச் சில நொடிகள் முன்பு, இறக்கையை மேலே தூக்கி, பட்டை இறுகிக் கால் வளையங்கள் தொடையை இழுப்பதை உடம்பால் உணருங்கள். பட்டை இறுகவில்லை என்றால் இறக்கையைக் கீழே வையுங்கள். ஆஸ்திரேலிய முறை என்று சொல்லப்படும் வழக்கம் இன்னும் நல்லது: ஹார்னஸை முதலில் இறக்கையில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகே அதற்குள் நுழைவது, இறக்கையை விட்டு நகர வேண்டுமானால் ஹார்னஸையே கழற்றிவிட்டு நகர்வது. ஹார்னஸ் உடம்பில் இருக்கிறது என்றாலே கொக்கி மாட்டியிருக்கிறது என்று ஆகிவிடும். கழற்றி மாட்டச் சோம்பலாக இருக்கும். இருந்தாலும் நான் இதையே பின்பற்றுகிறேன்.

"அவர் போய்விட்டாரே" என்று கிளம்புவது

முன்னால் போனவர் அழகாக எழும்பி மேலேறிவிட்டார் என்பதால் காற்று உங்களுக்கும் சரியாக இருக்கும் என்று பொருளில்லை. அவருடைய எடை வேறு, இறக்கை வேறு, இதுவரை பறந்த மணிநேரம் வேறு. பத்து நிமிடத்தில் காற்றும் வேறு. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியில் கூடுகிறது: மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று 30 ஆனால், உங்கள் இறக்கையைத் தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகும். கூடுதல் பத்துதானே என்று தோன்றும் இடம் இதுதான்.

காற்று சற்றுப் பக்கவாட்டில் திரும்பினாலும் கவனியுங்கள். மலையின் மறுபக்கத்திலோ பக்கத்து முகட்டிலோ மோதி வரும் காற்று, மறைவான பகுதியில் சுழன்று கீழிறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழலுக்குள் நுழைந்த இறக்கையைக் கட்டுப்படுத்துவது எவருக்கும் எளிதல்ல. காற்றின் திசை காட்டக் கட்டிய ரிப்பன்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஆடினால் உட்கார்ந்து காத்திருங்கள்.

வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவது போலத் தோன்றும். உண்மையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அனுபவசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றைக்குச் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், முதலில் நீங்களே இறக்கையை மடியுங்கள். புதியவர் ஒருவர் தானும் மடிப்பதற்குத் துணிவு பெறுவார்.

ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவது

இறக்கை உங்களைத் தூக்கும்வரை ஓட வேண்டும். தூக்கிய பிறகும் கால்கள் இன்னும் இரண்டு எட்டு காற்றில் ஓடினால் தவறில்லை. ஹார்னஸுக்குள் குதித்து உட்காருவதும், மூக்கை உயர்த்திப் பிடிப்பதும் வேகத்தைத் தின்றுவிடும். எழும்பியவுடன் குனிந்து ஹார்னஸின் கால் பை ஜிப்பைத் தேடுகிறவர்களும் உண்டு. அந்தச் சில நொடிகளில் இறக்கை சரிவை நோக்கித் திரும்பிவிடுகிறது. முதலில் மலையை விட்டு விலகுங்கள், ஜிப் காத்திருக்கும்.

வானத்தில் நண்பரைத் தேடுவது

கூட்டமாகப் பறக்கும்போது விதிகள் பழக்கமாகியிருக்க வேண்டும். முகடு ஒட்டிப் பறக்கையில் எதிரெதிரே வந்தால், சரிவு வலப்புறம் உள்ளவருக்கே முன்னுரிமை. அவரால் வலப்பக்கம் விலக முடியாது என்பதால் மற்றவர் விலகி வழிவிட வேண்டும். திரும்புவது எப்போதும் சரிவுக்கு எதிர்ப்பக்கமாக. தெர்மலில், அதாவது மேலெழும் சூடான காற்றில், முதலில் சுற்றத் தொடங்கியவர் எந்தத் திசையோ, பின்னால் சேர்பவர்களும் அதே திசை. தலைக்கு மேலே பறப்பவரை உங்கள் இறக்கை மறைத்துவிடும் என்பதால், மேலிருப்பவர்தான் கீழிருந்து ஏறி வருபவருக்கு இடம் கொடுக்க வேண்டும். நண்பருக்குக் கையசைப்பதற்கு முன் திரும்பப்போகும் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

தரைக்கு அருகில் வேகத்தை இழப்பது

தரை நெருங்க நெருங்க மனம் மெதுவாக வரச் சொல்லும். மனத்தின் பேச்சைக் கேட்காதீர்கள். தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிட மெதுவாக வீசுகிறது. எனவே இறங்கும்போது, நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறக்கை காற்றில் வேகத்தை இழக்கிறது. அடிக்குழாயைச் சற்று உள்ளே இழுத்துக் கூடுதல் வேகத்தோடு வர வேண்டும். போதிய வேகமில்லாத இறக்கை தாங்கும் திறனை இழந்து மூக்குக் குத்தும்; பைலட்டுகள் ஸ்டால் என்பது இதைத்தான். உடல் எடையை நகர்த்தியே பறந்து காட்டிய ஜெர்மானிய முன்னோடி ஓட்டோ லிலியன்தால், ஏறத்தாழ இரண்டாயிரம் முறை சறுக்கிப் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய இறக்கை இப்படித்தான் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார், மறுநாள் இறந்தார்.

களத்தின் ஓரத்தில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகக் குறிப்பிட்ட ஒரு புள்ளியில்தான் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அதற்காகத் தாழ்வில் போடும் கடைசித் திருப்பம் பல எலும்புகளை உடைத்திருக்கிறது. ஐம்பது மீட்டர் தள்ளி இறங்கி நடந்து வாருங்கள். மூக்குக் குத்தப் போகிறது என்று தெரிந்தால், பக்கக் குழாய்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்காமல் கைகளை விடுவித்துவிடுங்கள். கைகளை நீட்டி விறைத்துப் பிடித்திருந்தவர்களுக்குத்தான் மேற்கை எலும்பு முறிகிறது.

இறங்கியாகிவிட்டது. இப்போது களத்தின் நடுவே நின்று பறந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம், எல்லோரும் செய்கிறோம். மேலே இன்னொருவர் அதே இடத்தைக் குறிவைத்து வந்துகொண்டிருக்கலாம். இறக்கையை உடனே ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், ரேடியோவில் "இறங்கிவிட்டேன்" என்று சொல்லுங்கள். வண்டி கிளம்பும் முன் பெயர் சொல்லி ஆட்களை எண்ணுங்கள். உச்சியில் எட்டுப் பேர் இருந்தார்கள் என்றால், கீழேயும் எட்டுக் குரல்கள் கேட்ட பிறகே எஞ்சினை முடுக்குங்கள்.