கூலன்ட் ஊற்றியபின் ஏர் எடுப்பது எப்படி?

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), ஏன், ஒரு சின்ன ஹோஸை மாற்றினால்கூட, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடிக்க வேண்டியிருக்கும். அது வடிந்த இடத்தில் காற்று ஏறிக்கொள்ளும். திரும்பக் கூலன்ட் ஊற்றும்போது பாதிக்குமேல் தானாகவே வெளியேறிவிடும். மிச்சம் சிலிண்டர் ஹெட், தெர்மோஸ்டாட் ஹவுசிங், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் (ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) என்று மேடான இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான்.

காற்று நின்ற இடத்தில் கூலன்ட் உலோகத்தைத் தொடாது. அந்த ஒரு இடம் மட்டும் கொதித்து, ஹெட் வளையலாம், அதற்கு அடியில் கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட் போகலாம். மோசம் என்னவென்றால், வெப்பநிலை சென்சாரின் முனை காற்றில் நின்றால் மீட்டர் உண்மையான சூட்டைக் காட்டாது. அதனால் இந்த வேலை முடியும்வரை மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே அதைவிட அதிகச் சூட்டிலும் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கூலன்ட் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

முதல் வேலை, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்துவது. ரேம்ப் இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் மேடான சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காற்று மேலேதான் போகும். நாம் ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, இக்னிஷனை ஆன் செய்து ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள், ஃபேன் குறைந்த வேகத்தில் போதும். பல வண்டிகளில் ஹீட்டருக்கு ஒரு வால்வு உண்டு. அது மூடியிருந்தால் ஹீட்டர் கோரில் உள்ள காற்று அசையாது.

இப்போது கூலன்ட். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள், நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். கலக்க வேண்டியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர். மெதுவாக, ஒல்லியான தாரையாக ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் நாமே காற்றை உள்ளே அடைக்கிறோம். மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கி விட்டால் குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ ஹோஸிலோ காற்றை வெளியே விடுவதற்கென்றே ப்ளீட் ஸ்க்ரூ என்ற திருகு இருக்கும். ஊற்றும்போது அதைத் தளர்த்தி வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் சீராக வழிந்ததும் மூடுங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், பலத்தைக் காட்டினால் உடைந்துவிடும்.

மூடியைத் திறந்தே வைத்து என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டிக்குத்தான் இது. ரேடியேட்டரில் மூடி இல்லாமல், அழுத்தம் தாங்கும் டேங்க் மட்டும் உள்ள வண்டிகளில் மூடியைப் போட்டு ஓட்டச் சொல்வதும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். புனல் ஒன்றை வாயில் இறுக்கமாகப் பொருத்தி அதில் பாதி கூலன்ட் நிறுத்தி வைப்பது நல்ல வழி, சிந்தாது, உள்ளே இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும்.

இனி காத்திருக்க வேண்டும். பெரும்பாலான தெர்மோஸ்டாட் 80 முதல் 95 டிகிரிக்குள்தான் திறக்கும். அதுவரை எதுவும் நடக்காததுபோல இருக்கும். அப்புறம் திடீரென்று மட்டம் இறங்கி, பெரிய குமிழிகள் பொங்கி வரும். கூலன்ட் சேர்த்துக்கொண்டே இருங்கள். ஆக்ஸிலரேட்டரை 2000 ஆர்பிஎம் வரை இதமாக ஏற்றி இறக்கினால் சிக்கிய காற்றும் நகரும். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுழலும், கையையும் சட்டையையும் தள்ளி வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஃபேன் இரண்டு முறை சுழன்று நின்று, குமிழி அடங்கி, ஹீட்டரிலிருந்து ஐடிலிலும் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோதும்) நல்ல சூடான காற்று வந்தால் சரி. எனக்கு ஹீட்டர் காற்றுதான் கடைசித் தீர்ப்பு. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சூடு, விட்டால் குளிர்ச்சி என்றாலோ, டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் கேட்டாலோ காற்று இன்னும் இருக்கிறது.

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைப் போடுங்கள். ஒருமுறை ஓட்டி, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம், மினிமம் கோட்டுக்கும் மேக்ஸிமம் கோட்டுக்கும் இடையே நிரப்பினால் போதும். கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கிவிடும், அது கொடிய விஷம்.

இரண்டு மூன்று முறை செய்தும் குமிழி ஓயவில்லை, எங்கும் கசிவும் தெரியவில்லை என்றால் அது மிச்சக் காற்றாக இருக்காது. ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறதா என்று சோதிக்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. வாயு பட்டால் நிறம் மாறும். அந்தச் சோதனை முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.