ஒரே ஒரு மதிப்பெண்தான் கையில் இருக்கிறதா? அளவீட்டுப் பிழையை மாதிரிக்குள் கொண்டுவருவது இப்படித்தான்

மன அழுத்தத்தை அளக்கப் பத்துக் கேள்விகள் கேட்டு, பதில்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி, அதை அப்படியே எஸ்இஎம் மாதிரியில் (மாறிகளுக்கு இடையிலான பாதைகளை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிடும் புள்ளியியல் மாதிரி) மாறியாகப் போடுகிறோம். அப்படிப் போட்டாலே அந்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை (மதிப்பெண் வேறுபாட்டில் பிழை போக மீதியுள்ள உண்மையான பங்கு) 1, பிழையே கிடையாது என்று ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது. கேள்விவாரியான தரவு இருந்து சாம்பிளும் போதுமான அளவு இருந்தால் பத்தையும் குறிகாட்டிகளாக வைத்து மறைமாறி (நேரடியாக அளக்க முடியாமல் குறிகாட்டிகளின் வழியே ஊகிக்கும் மாறி) கட்டுங்கள், அதுதான் நல்லது. மொத்த மதிப்பெண் மட்டும்தான் கிடைத்தது என்றால் ஒற்றைக் குறிகாட்டி மறைமாறிக்கு வாருங்கள்.

ஒரு குறிகாட்டியிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு வேரியன்ஸ் (மதிப்புகளின் சிதறலைச் சொல்லும் எண்). நமக்குத் தெரிய வேண்டியதோ இரண்டு, மறைமாறியின் வேரியன்ஸும் பிழையின் வேரியன்ஸும். ஒன்றை நாமே கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும். அதனால் லோடிங்கை (மறைமாறிக்கும் குறிகாட்டிக்கும் இடையிலான எடை) 1 என்று வைத்துவிட்டு, பிழை வேரியன்ஸை (1 − நம்பகத்தன்மை) × மதிப்பெண்ணின் வேரியன்ஸ் என்று கணக்கிட்டு நிலையாகக் கொடுத்துவிடுங்கள். வேரியன்ஸ் 25, ஆல்பா (கேள்விகளின் பதில்களிலிருந்து கணக்கிடும் நம்பகத்தன்மை) 0.80 என்றால் 0.20 × 25 = 5. மீதி 20 மறைமாறிக்குப் போகும்.

இங்கே பலர் தவறுவது, வேரியன்ஸுக்குப் பதில் திட்ட விலக்கத்தைப் பெருக்குவது, அல்லது பெருக்காமலே 0.20 என்று போட்டுவிடுவது (வேரியன்ஸ் 1 ஆகும்படி மதிப்பெண்ணைத் தரப்படுத்தியிருந்தால் மட்டும் அது சரி). அப்புறம் ஆர் மொழியில் லவான் என்ற எஸ்இஎம் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒற்றைக் குறிகாட்டி என்றால் அது பிழை வேரியன்ஸைத் தானாகவே 0 என்று வைத்துவிடும். 5 என்று கொடுக்கும் வரியை நீங்கள் மறந்தாலும் மாதிரி ஓடும், எச்சரிக்கை வராது, பழைய விடையே திரும்ப வரும். அதனால் வெளியீட்டில் அந்த எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

விளைவு என்ன? மன அழுத்தம் மட்டுமே காரண மாறி என்றால், 0.40 என்று இருந்த சாய்வு (காரண மாறி ஓர் அலகு கூடினால் விளைவு மாறி எவ்வளவு மாறும் என்பது) 0.40 ÷ 0.80 = 0.50 ஆகும். காரண மாறிகள் பல என்றால் இவ்வளவு நேராக இருக்காது, சில பாதைகள் பெரிதாகும், சில சிறிதாகும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை மாறியில் பிழையை விட்டுவைத்தால் அதன் வழியாகப் போகும் விளைவு பொதுவாகச் சுருங்கி, நேரடி விளைவு ஊதிப்போய்த் தெரியும். விளைவு மாறியில் மட்டும் பிழை என்றால் தரப்படுத்தாத சாய்வு சராசரியில் பிறழாது, துல்லியம்தான் குறையும்.

சூத்திரம் ஒரு நிமிட வேலை. நம்பகத்தன்மைக்கு எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் சாம்பிளில் கணக்கிட முடிந்தால் அதையே எடுங்கள், ஆல்பாவைவிட ஒமேகா (கேள்விகளின் லோடிங்குகள் வேறுபடலாம் என்று ஏற்கும் நம்பகத்தன்மை அளவு) மேல். வேறு ஆய்விலிருந்து எடுப்பதென்றால் ஆல்பாவை அப்படியே கொண்டுவராதீர்கள். அங்கே வேரியன்ஸ் 36, ஆல்பா 0.75 என்றால் பிழை வேரியன்ஸ் 9. அதே 9 உங்கள் சாம்பிளிலும் இருக்கும் என்று கொண்டால், உங்கள் வேரியன்ஸ் 25 என்பதால் நம்பகத்தன்மை 0.64 ஆகிவிடுகிறது! ஒரே கேள்வி என்றால் ஆல்பாவுக்கே வழியில்லை, அதே நபர்களிடம் மீண்டும் கேட்டுக் கணக்கிடும் மறுசோதனை நம்பகத்தன்மையைத் தேடுங்கள்.

மிகக் குறைவான எண்ணும் ஆபத்துதான். இரண்டு மதிப்பெண்களின் ஒட்டுறவு 0.60, நம்பகத்தன்மைகள் 0.60, 0.55 என்று வையுங்கள்; மறைமாறிகளின் ஒட்டுறவு, தாண்டவே முடியாத 1-ஐத் தாண்டி 1.04 என்று வந்து நிற்கும். அப்படி வந்தால் நீங்கள் கொடுத்த எண்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த 0.80-ஐ மென்பொருள் உறுதியான உண்மையாகவே எடுத்துக்கொள்ளும், அதில் இருக்கும் நிச்சயமின்மை திட்டப் பிழைகளில் சேராது. அதனால் 0.70, 0.80, 0.90 என மூன்று முறை ஓட்டி மூன்றையும் அட்டவணையில் போடுங்கள், 0.90-இல் தெரிந்த நேரடிப் பாதை 0.70-இல் மறைந்துபோனால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.